கடைசிப் பெஞ்சைத் தாண்டிய சமாதானம்

எமிமாள் கோயிலில் தூங்குவாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவளைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவாள். கடைசிப் பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்து, முதல் பாட்டு முடிவதற்குள் தலையைச் சாய்த்துவிடுவாள். பாட்டுப் புத்தகம் மடியில் திறந்தபடியே கிடக்கும்.

என் வீட்டுக்காரர் அந்தச் சபையின் ஐயர். ஆங்கிலிக்கன் வழி வந்த எங்கள் சபைகளில் போதகரை அப்படிக் கூப்பிடுவது வழக்கம். அந்த உறவில் நான் ஐயரம்மா. புருஷன் பிரசங்கம் செய்யும்போது ஒருத்தி வாயைத் திறந்து தூங்கினால் எனக்குக் கோபம் வரத்தான் வேண்டும். வந்ததில்லை. அந்தப் பிரசங்கங்களைச் சனிக்கிழமையே ஒருமுறை கேட்டுத் தொலைக்கிறவள் நான். பாவம், இவளாவது தூங்கட்டும் என்றுதான் நினைப்பேன்.

ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டி, ஏரியை ஒட்டிய மனைப்பிரிவில் எங்கள் கோயில் இருக்கிறது. சின்னக் கோயில். இந்தப் பக்கத்து ஞாயிறு விடியற்காலை எனக்கு எப்போதுமே பாதிக் கனவாகத்தான் இருக்கும். ஏரியிலிருந்து புகை மாதிரி பனி எழும்பி ரோட்டில் பரவும். அதற்குள்ளிருந்து கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஜன்னலுக்கு ஜன்னல் கண் மூடிய முகங்கள். புதுக் கார்களைத் துணி போர்த்தி அடுக்கிக்கொண்டு நீள லாரிகள் சத்தமில்லாமல் நகரும். எங்கே போகிறோம் என்று அந்த லாரிகளுக்கே தெரியாது என்று தோன்றும். பஸ் ஒன்று நிற்கும், எமிமாள் இறங்குவாள். நைட் ஷிஃப்ட் முடித்து, அறைக்குப் போகாமல் நேரே கோயிலுக்கு வருகிறவள். தொப்பி அழுத்திய கோடு நெற்றியில் அப்படியே இருக்கும்.

அவளுக்குச் சொந்த ஊர் தெற்கே சாயர்புரம் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு, ஊர்ப் பெண்கள் சிலரோடு சேர்ந்து இங்கே வேலைக்கு வந்தாள். மற்றவர்கள் கல்யாணம் ஆகித் திரும்பிவிட்டார்கள். இவள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டாள். ஏன் என்று ஒருநாள் கேட்டதற்கு, இருக்க வேண்டும் என்று இருக்கவில்லை, போக வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான் என்றாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை. வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்வி என்று முகத்திலேயே தெரிந்தது.

காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டுவது அவள் வேலை. லைனில் பலகை ஒன்று மெதுவாக நகர்ந்து வரும். தன் முன்னால் வரும்போது தன் பங்கு ஒயரைச் சொருகி, கிளிப்பை மாட்டி, அடுத்தவளுக்கு விட்டுவிட வேண்டும். வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. அங்கே சொல்லித்தருகிற முதல் பாடமே அதுதானாம். லைனில் பேச்சு கிடையாது. ஷிஃப்ட் முழுக்கக் கையில் உறை. படப்பையில் ஒரு வாடகை அறையில் மூன்று நான்கு பெண்களோடு இருந்தாள். அவர்களும் ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டி கட்டுகிறவர்கள். பெயர் மனசில் பதிவதற்குள் அந்தப் பாயில் வேறொருத்தி படுத்திருப்பாள். வாரத்தில் ஒரு மனுஷர் கை தன் கைமேல் படுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று எமிமாள் ஒருமுறை சொன்னாள். சும்மா தகவல் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை படுகிற அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆராதனையில், பிரசங்கமும் ஜெபங்களும் முடிந்து அப்பமும் ரசமும் வாங்குகிற நற்கருணைக்குப் போவதற்கு முன்னால், சமாதானம் கொடுப்பது என்று ஒன்று உண்டு. ஐயர் பீடத்திலிருந்து திரும்பி, முன்னால் வந்து நிற்கிறவரின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துச் சமாதானம் சொல்வார். அவர் அதை முதல் பெஞ்சுக்குக் கொடுப்பார். பிறகு ஆளுக்கு ஆள், பெஞ்சுக்குப் பெஞ்சு, கையிலிருந்து கைக்கு அது பின்னால் போகும். சிரிப்போ விசாரிப்போ கிடையாது. கடைசிப் பெஞ்சில் கடைசி ஆளுக்குக் கிடைத்து, அவர் உட்கார்ந்த பிறகுதான் ஐயர் காணிக்கைப் பாட்டைச் சொல்வார். மனஸ்தாபம் இருக்கிறவர்களும் அந்தக் கையைத் தட்ட முடியாது. தட்டினால் பின்னால் இருக்கிற அத்தனை பேருக்கும் அது போய்ச் சேராதே.

கடைசி ஆள் எமிமாள்தான். ஒரு ஞாயிறு, அவள் நல்ல தூக்கத்தில் இருக்கும்போது அது அவளிடம் வந்தது. பக்கத்திலிருந்தவர் எழுப்பலாமா வேண்டாமா என்று தயங்குவதற்குள், கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி வாங்கிவிட்டாள். பழகின கை. வாங்கின பிறகுதான் விழித்தாள், அதுவும் அரைகுறையாக. கையில் ஏதோ வந்திருக்கிறது, அடுத்தவளிடம் விட வேண்டும், லைன் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் அந்தத் தூக்கக் கலக்கத்தில் அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர். சட்டென்று எழுந்து, கைகளைக் கூப்பினமாதிரி வைத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

வெளியே குழாயடியில் கனகம் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தாள். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பழைய ஊர்க்காரி. அவர்கள் குடும்பம் கடலை போட்ட நிலம்தான் பிறகு கைமாறி, மனையாகி, அதில் ஒரு துண்டு எங்கள் கோயிலானது. அங்கே போர் போட்டதும் நல்ல தண்ணீர் வந்தது. ஊர்த் தண்ணீர் உப்பு. அதனால் கனகம் தினமும் பின்பக்கமாக வந்து எங்கள் குழாயில் பிடித்துக்கொண்டு போவாள். எமிமாள் நேரே போய் அவள் கையைத் தன் கைக்குள் வைத்து, "சமாதானம்" என்றாள். குடம் வழிந்து கனகத்தின் காலெல்லாம் தண்ணீர். உடம்பு சரியில்லையா என்று கனகம் கேட்ட பிறகுதான் எமிமாளுக்கு முழு விழிப்பு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, உள்ளே ஓடிவந்து உட்கார்ந்தாள்.

அதோடு போயிருக்கும். அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்குக் கனகம் குழாயடியில் நின்றாள். குடமில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன வாரம் கொடுத்தாயே, இந்த வாரம் கிடையாதா என்று கேட்டாளாம். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் முதலில் குழம்பினார். இதைத் தடுக்க ஏதாவது விதி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். இல்லை. பிறகு எமிமாள் வெளியே போய்த் திரும்பி வந்து உட்காரும் வரை காத்திருந்து பாட்டைச் சொல்லப் பழகிக்கொண்டார். சபையும் பழகிக்கொண்டது. அந்தச் சின்ன இடைவெளியில் மின்விசிறிச் சத்தமும், தூரத்து லாரிச் சத்தமும், யாரோ ஒரு குழந்தையின் முனகலும் மட்டும் கேட்கும். ஆராதனையிலேயே எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். ஐயரிடம் இதைச் சொன்னதில்லை.

ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருப்பார்கள். கனகம் அவித்த கடலை கொண்டுவருவாள், மருமகள் கவிப்பிரியாவைப் பற்றிக் குறை சொல்வாள், எமிமாளின் தலையை அவிழ்த்துச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். ஒருத்தி பேசுவது தெற்கத்தித் தமிழ், மற்றவளுடையது இந்தப் பக்கத்துத் தமிழ். ஒருத்தி சொன்னதில் பாதிதான் மற்றவளுக்குப் புரிந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம். அதனாலோ என்னவோ, சண்டையே வந்ததில்லை. எல்லாரும் வந்து வந்து போகிற இந்த ஊரில், போகாமல் இருக்கிற ஒரே ஆளைத் தூக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள் எமிமாள்.

கெடுத்தது ஆடு. குருத்தோலை ஞாயிறுக்கு ஊர்வலம் போக, தென்னங்குருத்தை வெட்டி வந்து சனிக்கிழமை கோயில் வராந்தாவில் நனைத்து வைத்திருந்தோம். கனகத்தின் ஆடுகள் பின்பக்கமாக வந்து அத்தனையையும் மேய்ந்துவிட்டன. காலையில் பார்த்தால் நார்தான் மிச்சம். வேறு வழியில்லாமல் வாசலில் நின்ற வேப்பமரத்தின் கிளைகளை ஒடித்து, ஆளுக்கொரு கொத்து வேப்பிலையோடு பாடிக்கொண்டு ஊர்வலம் போனோம். தெருவில் வீட்டுக்கு வீடு வெளியே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டில் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து ஐயரின் காலில் ஊற்றிவிட்டார்கள். அங்கி முழங்கால் வரை மஞ்சள். நான் சிரித்து முடிக்க இரண்டு நாள் ஆனது.

சபைச் செயலர் தமிழ்வாணன் சிரிக்கவில்லை. கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் மனிதவள மேலாளர் அவர். நல்ல மனுஷர்தான். கெட்டிக்காரர், கோயிலுக்கு உழைக்கிறவர். ஆனால் திறந்து கிடக்கிற எதைப் பார்த்தாலும் அவருக்கு மூடத் தோன்றும். எங்கள் சபைகளுக்கு மேலான பேராயத்திலிருந்து அந்தச் சமயம் பார்த்து, ஒவ்வொரு சபையும் தன் அடிப்படை விழுமியங்களை எழுதி வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இந்தப் பக்கம் எந்தக் கம்பெனி வாசலைப் பார்த்தாலும் அப்படி ஒரு போர்டு இருக்கும். அதனால் தமிழ்வாணனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. வரவேற்பு, பொது வழிபாடு, வேதம், சேவை, சமாதானம் என்று ஐந்தையும் ஒரே மாலையில் கமிட்டியில் முடிவு செய்தார்கள். அதே கூட்டத்தில் பின்பக்கம் மதில் எழுப்புவதையும் முடிவு செய்தார்கள்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் சுவர் எழும்பிவிட்டது. ஆள் உயரத்துக்கு மேல். குழாய் உள்ளே மாட்டிக்கொண்டது. பின்பக்கத்து ரோட்டுக்குத் தெரியட்டும் என்று, நீல எழுத்தில் புறா படத்தோடு அந்த விழுமியப் போர்டை வெளிப்புறம் மாட்டினார்கள். நேரே கனகத்தின் வீட்டைப் பார்த்து. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு வந்தது. எமிமாள் பஸ்ஸை விட்டிறங்கி, வழக்கமான கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பக்கவாட்டுக் கதவு வழியாகச் சுவரைப் பார்த்தாள். அன்று அவள் தூங்கவில்லை. நான் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பின்னால்தான் உட்காருவேன், அதனால் எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூடவில்லை. அந்த ஞாயிறுக்கென்று குறித்திருக்கிற வேதப் பாடம், இயேசுவின் சீடர்கள் பயந்துபோய்க் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பகுதி. யாரும் தேர்ந்தெடுத்து வைத்ததல்ல, வருஷா வருஷம் அந்த ஞாயிறுக்கு அதுதான். வாசிக்க வேண்டியவர் தமிழ்வாணன். நன்றாகவே வாசித்தார்.

சமாதானம் பீடத்திலிருந்து புறப்பட்டது. பெஞ்சு பெஞ்சாக வந்தது. எமிமாள் இரண்டு கையாலும் வாங்கினாள். பக்கவாட்டுக் கதவுப் பக்கம் ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழுந்து, நடு வழியே நடந்து, முன்வாசல் வழியாக வெளியே போனாள். கைகள் நெஞ்சுக்கு முன்னால் சேர்ந்தபடியே இருந்தன. ஐயர் அங்கேயே நின்றார். பாட்டைச் சொல்லவில்லை. சபை நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைப் பார்த்தார். போய்ப் பார் என்று அர்த்தம். பிள்ளைகளைப் பக்கத்திலிருந்தவரிடம் விட்டுவிட்டு நான் அவள் பின்னால் போனேன்.

முன்வாசலிலிருந்து கனகம் வீட்டுக்குப் போக மனைப்பிரிவையே சுற்ற வேண்டும். வெயில் ஏறிவிட்டது. விற்காத மனைகளில் நட்ட கல் ஒவ்வொன்றும் மிதக்கிறமாதிரி தெரிந்தது. எமிமாள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். வேகமாக நடந்தால் தளும்பிவிடும் என்று பாத்திரத்தில் பாலை ஏந்திப் போகிறவள் மாதிரி, பார்த்துப் பார்த்துக் காலை வைத்தாள். ராத்திரி முழுக்க நின்ற கால். ஒரு லாரி நின்று வழிவிட்டது. டிரைவர் எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கனவில் நடக்கிறவளைக் கூப்பிட யாருக்கும் மனசு வராது.

கனகம் வாசலில் சாமான் துலக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"யக்கா, கைய நீட்டுங்க" என்றாள் எமிமாள்.

"கை ஈரமா கீது. போ."

எமிமாள் நின்றாள். கனகம் சுவரைக் காட்டினாள். குரல் ஏறவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வரவேற்புன்னு எழுதிப் போட்டு கீது, பாத்தியா. காலீல எழுந்தா அதாங் கண்ணுல படுது. எந்தப் பக்கமா வர்றதுன்னு போடலியே."

எமிமாளின் முகத்தைப் பார்த்தேன். இந்தக் கை இல்லாமல் போனால் இந்த ஊரில் அவளுக்கு என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தேன். படப்பை அறையும் மாறுகிற பாய்களும் கையுறையும்தான். அழுதுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"நீங்க வாங்காம நான் திரும்பிப் போக முடியாது யக்கா. அங்க எல்லாரும் நின்னுக்கிட்டு இருக்காவ."

"யாரு?"

"சபை பூராவும். ஐயரு அடுத்த பாட்டச் சொல்லல."

கனகம் என்னைப் பார்த்தாள். உண்மைதான் என்று தலையாட்டினேன்.

"எனக்கோசரமா நிக்கிறாங்க?"

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், முழுக்கக் காயவில்லை. எமிமாளின் கைக்குள் தன் கையைக் கொடுத்தாள். எமிமாள் சமாதானம் சொன்னாள். கனகம் கையை எடுக்காமல், அந்த முகத்தையும் சிவந்த கண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு தூரம் வெயிலில் நடந்தா வந்தாய் என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் எமிமாளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, விட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள்.

கோயில் வாசலுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோதும் அவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். வயசானவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். கனகம் படியில் செருப்பை விட்டாள். அவள் கோயிலுக்குள் வருவது அதுதான் முதல் முறை. அங்கே என்ன செய்வது வழக்கம் என்று அவளுக்குத் தெரியாது. வாங்கினால் கொடுக்க வேண்டும், அதுமட்டும் தெரியும். கடைசிப் பெஞ்சில் நின்றவரின் கையைப் பிடித்துச் சமாதானம் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

அவர் திகைத்தார். எப்போதும் முன்னாலிருந்து பின்னால்தான் வரும். பின்னாலிருந்து வந்தால் என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. கடைசியில் அவர் முன் பெஞ்சுக்குக் கொடுத்தார். முன் பெஞ்சு அதற்கு முன்னால் கொடுத்தது. கையிலிருந்து கைக்கு, வந்த வழியே, பெஞ்சு பெஞ்சாக அது திரும்பிப் போனது. முன்னால் நின்ற தமிழ்வாணனிடம் வந்தது. வாங்கினார். இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு ஐயரிடம் கொடுத்தார். அந்த வாரமே கொத்தனாரை அவரே கூட்டிவந்து, குழாய்க்கு நேராகச் சுவரை உடைத்து வழி விட்டார். கதவு போடச் சொல்லவில்லை. போர்டு இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

அன்று ஐயர் பாட்டைச் சொன்னார், காணிக்கை எடுத்தார்கள், நற்கருணை நடந்தது. தன் கை ஈரமாக இருந்தது என்று அவர் இன்றுவரை சொல்கிறார். அத்தனை கை தாண்டி ஈரம் வந்து சேராது என்று நான் சொன்னால் கேட்பதில்லை.

எமிமாள் மட்டும் நற்கருணை வாங்க முன்னால் வரவில்லை. ஐயர் பார்த்துவிட்டு, வர முடியாதவர்களுக்குச் செய்கிறமாதிரி, அப்பத்தை எடுத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சுக்கு வந்தார். அங்கே கனகம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் தலை சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, எமிமாள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கனகம் கையைத் தூக்கி ஐயரை நிறுத்தினாள்.

"இரு சாமி. இப்பதாங் கண்ணு அசந்துச்சு."

ஐயர் அப்பத்தைக் கையில் ஏந்தியபடி அங்கேயே நின்றார். பாடகர் குழு கடைசிச் சரணத்தை முடித்து, திரும்பிப் பார்த்து, முதல் சரணத்தை மறுபடி எடுத்தது. இந்த முறை மெதுவாகப் பாடினார்கள்.